பாலம் விழுந்து வந்த வளர்ச்சி

ஒரு நாடு முன்னேற வேண்டுமானால் முதலில் ஒரு பாலம் இடிந்து விழ வேண்டும். இந்தப் பேருண்மையை உலகுக்கு வழங்கிய பெருமை, போலந்தின் மசூரியா ஏரிகளுக்கு நடுவே கிடக்கும் ஓல்ஷோவோ ஊரையே சேரும்.

ஆறு ஏரியில் கலக்கும் இடத்திலிருந்த மரப்பாலம் விழுந்து மூன்று வருடம். ரொட்டிக்கடை, மாதாகோயில், ஆஸ்பத்திரி எல்லாம் அக்கரையில். இக்கரையில் குடியிருக்கும் யாட்விகாவின் மருமகள் கிங்காவுக்கு ஜூனில் பிரசவம். அதற்குள் பாலம் வந்தாக வேண்டுமென்று யாட்விகா பஞ்சாயத்து அலுவலகப் படியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆய்வு நடக்கப் போவுதும்மா. முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார் தலைவர் வாலென்டி.

ஆய்வு தலைநகர் வார்சாவிலிருந்து வந்தது. பெயர் செவெரின். 'நீர்வழிப் பொழுதுபோக்கின் பொருளாதாரத் தாக்கம்' என்ற படிவத்தோடு அவன் படகுத்துறையில் உட்கார்ந்த நாள், ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. முட்டையும் ரொட்டியும் பன்றித்தொடையும் வைத்த கூடைகளைப் பாதிரியாரிடம் மந்திரித்து வாங்க, ஊரே துடுப்புப் போட்டு வந்தது. நாற்பத்தொரு படகுகள்.

யாட்விகா படிவத்தை எட்டிப் பார்த்தாள். எட்டிப் பார்க்காவிட்டால் அவள் யாட்விகா இல்லை.

"பிக்னிக்குனு எழுதுறியே தம்பி! இது கோயில் கூடை. உங்க வீட்டுல மந்திரிக்க மாட்டாங்களா?"

"எங்கம்மாவும் இப்ப கூடையோட வரிசையிலதான் நிப்பாங்க. ஆனா படிவத்துல கோயிலுக்குக் கட்டம் இல்லையே."

"நான் தினம் ரொட்டி வாங்க வர்றது?"

"'துடுப்பு ஆர்வலர்'."

"அதோ காஸ்பெர் வர்றான் பாரு, பல்லு வலில தாடை வீங்கிப்போயி."

"வலியோடவா? அப்போ 'சாகசப் பயணி'."

மே மாதம் அறிக்கை வந்தது. மாவட்டத்திலேயே ஓல்ஷோவோக்காரர்கள்தான் அதிகம் படகு விடுகிறார்களாம்; இந்த 'எழுச்சி' பாலம் விழுந்த நாளில் தொடங்கியதாம். பஞ்சாயத்துக் கூட்டத்தில் அதை வாசித்த வாலென்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாலம் கட்டினா இவ்வளவு வளர்ச்சியும் போயிடும்மா. உனக்கு மனசு வருமா?"

"என் மருமக நிறைமாசம், தலைவரே!"

"ரெட்டை சந்தோஷம். போறப்ப ஒரு ஆளு, வர்றப்ப ரெண்டு ஆளு."

கணக்கு சற்றே பிசகியது. ஜூன் ஒன்பதாம் தேதி, பட்டப்பகலில், நடு ஆற்றில், யாட்விகா துடுப்பை விட்டுவிட்டுப் பேத்தியைக் கையில் வாங்கினாள். பக்கத்துப் படகுச் சுற்றுலாக்காரர்கள் கைதட்டினார்கள்.

மறுநாளே வாலென்டி பூங்கொத்தோடும் 'இளம் நீர்வீராங்கனை' சான்றிதழோடும் வீடு தேடி வந்துவிட்டார். படகில் அல்ல, ஏரியைச் சுற்றி இருபத்தெட்டு கிலோமீட்டர், பஞ்சாயத்துக் காரில். வளர்ச்சி முழுவதையும் ஊருக்கே விட்டுக்கொடுத்து, தனக்கென்று ஒரு சொட்டுகூட எடுத்துக்கொள்ளாத உத்தமர்.