துள்ளல் எழுத்தில் ஒரு மன்னிப்பு

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நீங்களும் மகளும் நலமென்று நம்புகிறேன். என் மனைவியின் நலம் உங்களுக்கே தெரியும், நேற்றிலிருந்து அங்கேதானே இருக்கிறாள். ஏன் வந்தாள் என்று சொல்லியிருக்க மாட்டாள். காரணம், நீங்கள் வரைந்த எழுத்துரு.

'துள்ளல்' என்று பெயர் வைத்து என் கணினியில் ஏற்றிக் கொடுத்தபோதே, இது சுவரொட்டிக்கும் புத்தக அட்டைக்கும்தான், பெரிதாகப் போட வேண்டும், இரண்டு மூன்று சொல்லைத் தாண்டக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. தொந்தி தள்ளிய 'க'வும், மீசை முறுக்கிய கொம்பும், வரிக்குக் கீழே வாலைச் சுழற்றும் 'ழ'வும், முப்பது வருடம் சுற்றறிக்கை மட்டுமே தட்டச்சு செய்தவனை என்ன பாடு படுத்தும், யோசித்துப் பாருங்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் செவ்வாய்க்கிழமை காலை 'லிஃப்ட் பழுது, ஏற வேண்டாம்' என்று அதிலேயே அச்சடித்து ஒட்டினேன். பார்த்தவர்கள் ஏதோ விழா அழைப்பு, சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டார்கள். மூன்றாம் மாடி ஆசிரியை, பல் டாக்டரம்மா, தையல்கார அம்மா, நாலாவதாக என் மனைவி. இரண்டு மாடிக்கு நடுவில் ஒன்றேகால் மணி நேரம். மெக்கானிக் கதவைத் திறந்ததும் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

நேரில் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது, கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். மனசில் இருந்ததையெல்லாம் இரண்டு பக்கம் எழுதினேன். சாதாரண எழுத்தில் பார்த்தால் சுற்றறிக்கை போலவே இருந்தது, அதனால் துள்ளலுக்கு மாற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மறுநாள் காலை பையோடு கிளம்பிவிட்டாள். பிரதியை ஐந்தாம் மாடி வக்கீலிடம் காட்டினேன். பாதியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். உருகிவிட்டார் என்று நினைத்தேன், கண் வலியாம்.

"சார், வருத்தப்படுற எழுத்து இப்படி இடுப்பை ஆட்டாது," என்றார்.

எழுத்துதான் சிரித்தது, எழுதியவன் சிரிக்கவில்லை என்று நீங்கள்தான் அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். பேனாவால் எழுதிய இந்தக் கடிதத்தையும் காட்டுங்கள். இங்கே டீ போட்டால் இன்னமும் இரண்டு டம்ளர் ஆகிவிடுகிறது.

நீங்கள் இருவரும் எந்நாளும் முகம் பார்த்துப் பேசி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அவளே போன் செய்தாள். கோபமே இல்லையாம். லிஃப்டுக்குள் பேசிப் பேசி நாலு பேரும் சிநேகிதிகளாகிவிட்டார்களாம், மற்ற மூவரும் நாளை உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்ததும் கடல் பார்க்கப் போகிறார்களாம். "சொல்லிட்டுத்தானே வந்தேன், நீங்கதான் கம்ப்யூட்டர்ல எழுத்தைப் பெருசு பண்ணிட்டு இருந்தீங்க," என்கிறாள். என் இரண்டு பக்கத்தையும் பழக்கடை விளம்பரம் என்று நினைத்து அலமாரித் தட்டில் விரித்துவிட்டாளாம். ஆகவே இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம். லிஃப்ட் சரியாகிவிட்டது என்றேன். "அடடா," என்றாள், "மாசத்துக்கு ஒரு தடவையாவது நிறுத்தச் சொல்லிக் கேக்கலாம்னு இருந்தோமே."