ஜூலை மாதத்து நண்பர்கள்

ராஸ் அல் கைமா,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனர் ரகுநாதன் அவர்களுக்கு,

இங்கு நான் நலம். தாங்களும் வீட்டில் அனைவரும் நலமாயிருக்க விரும்புகிறேன். 'மச்சான்' என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் தங்கள் புதுவீட்டு அழைப்பிதழில் எல்லா மாப்பிள்ளைகள் பெயரும் இருந்து என் பெயர் மட்டும் விட்டுப்போன நாளிலிருந்து கை பாதியில் நின்றுவிடுகிறது. அச்சகத்துக்காரர் செய்த தவறு என்று தாங்கள் அன்றே சொன்னீர்கள். நானும் அதை மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பதைத் தெரிவிக்கவே குறிப்பிட்டேன்.

தங்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். தாங்கள் எண் கொடுத்த வருண் என்னோடு மறுபடியும் பேச வேண்டும். இந்த ஊரில் இருபது வருஷம் இருந்தவர் தாங்கள். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் தட்டமாட்டான். அவன் பேசினால் பாண்டித்துரையும் பேசுவான். அவர்கள் இருவரும் பேசாவிட்டால் இந்த ஊரில் என்னோடு பேச ஆளில்லை.

நான் ஜூன் மாதம் வந்து இறங்கினேன். முப்பது வருஷத்துக்குப் பக்கமாக ஆங்கிலம் கற்பித்தவனை விட்டுவிட்டு, எனக்குப் பின்னால் சேர்ந்தவனைத் தலைமையாசிரியர் ஆக்கிய பள்ளியில் இனி ஒரு நாளும் இருப்பதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது தங்களுக்குத் தெரியும். இங்கே நர்சுகளுக்கும் விற்பனையாளர்களுக்கும் ஆங்கிலம் பேசக் கற்றுக் கொடுக்கிறேன். வகுப்பைவிட்டு வெளியே வந்ததும் அவர்கள் இந்தியில் பேசுகிறார்கள். கடைக்காரர், டாக்சிக்காரர், முடிவெட்டுகிறவர் எல்லோரும் இந்திதான். எனக்கு அது தெரியாது என்றால், "அச்சா? டீச்சரா?" என்று இரக்கத்தோடு பார்க்கிறார்கள். தாங்கள் கொடுத்த இரண்டு எண்களையும் கூப்பிட்டேன். "ஃபேமிலி ஊருக்குக் கிளம்புது சார், ஒரே பேக்கிங். அப்புறம் கூப்பிடுறேன்" என்றான் வருண். பாண்டித்துரை, "சைட்ல இருக்கேன் சார்" என்றான். நான் அப்போதே இருவர் பெயரையும் மனத்தில் எழுதிக்கொண்டேன்.

ஆனால் ஜூலை பிறந்ததும் உலகம் மாறியது. பள்ளிகளை மூடினார்கள், மனைவிமாரும் பிள்ளைகளும் ஊருக்குப் பறந்தார்கள், ஊரில் ஆண்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் வருணும் பாண்டித்துரையும் நிற்கிறார்கள். "சார், சும்மா பாக்கலாம்னு வந்தோம்." சும்மா வந்தவர்கள் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் வந்தார்கள். என் அறையில் மின்கட்டணம் வாடகைக்குள் அடக்கம் என்பதால் ஏசியை நிறுத்துவதே இல்லை. அதற்காகத்தான் வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பி.எட். படித்தபோது விடுதியில் கற்ற சமையலை வெளியே எடுத்தேன். நெய் ரோஸ்ட் வார்த்தேன், மட்டன் சுக்கா செய்தேன். வருணின் மனைவி பிருந்தா தன் கணவனுக்குச் சர்க்கரை என்று நாள்வாரியாகச் சீட்டு ஒட்டி ராகிச் சப்பாத்தியும் கொள்ளு ரசமும் ஃப்ரீஸர் நிறைய வைத்துவிட்டுப் போயிருந்தாள். வருண் அதில் ஒரு டப்பாவைக்கூடத் திறக்கவில்லை. அவள் திரும்பி வருகிற வாரத்தில் அவ்வளவையும் மூன்று பேருமாகச் சுமந்துகொண்டு போய்க் கட்டடத்து வாட்ச்மேனிடம் கொடுத்தோம். அவர் இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு மூன்றாம் நாள் எங்களைக் கண்டதும் ஒளிந்துகொண்டார்.

பாண்டித்துரை கதை வேறு. மாமனாருக்கு மணிவிழா. கம்பெனி லீவு கொடுத்தது. மாமியார் வீட்டில் பத்து நாள் இருப்பதற்கு இங்கே வெயிலில் நிற்கலாம் என்று சொல்லி, கொடுத்த லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். மனைவி தாமரையிடம், "சைட் ஷட்டவுன் டூட்டி, லீவு மஃபி, கிடையவே கிடையாதுன்னுட்டாங்க" என்று போனில் அழாத குறையாகச் சொன்னான். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "யல்லா சார், அடுத்த தோசை" என்றான். நானும் வார்த்தேன்.

செப்டம்பரில் குடும்பங்கள் திரும்பின. அத்தோடு இருவரும் காணாமல் போனார்கள். நான் மூன்று பேருக்கு மாவு கரைத்துவிட்டுக் காத்திருந்தது ஒரு வாரம். பிறகு ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில் காய்கறிப் பக்கம் வருண் மனைவியோடு நிற்கிறான். என்னைக் கண்டதும் முட்டைக்கோஸ் ஒன்றை எடுத்து வெகு நேரம் ஆராய்ந்தான். நான் விடவில்லை, பக்கத்தில் போனேன். "இவர் ஒரு இன்ஸ்டிட்யூட்ல இங்கிலீஷ் சார். பாத்திருக்கேன்" என்றான். பாத்திருக்கிறானாம்! நானே பிருந்தாவிடம் தங்கள் பெயரைச் சொன்னேன். "அய்யோ, ரகு அங்கிளோட மச்சானா? ஏங்க, சொல்லவே இல்ல? சார், சனிக்கிழமை சாப்பாடு நம்ம வீட்லதான், தாமரை வீட்டுக்காரங்களும் வராங்க, நீங்க கண்டிப்பா வரணும்" என்றாள் அந்தப் பெண். நான் புதுச்சட்டை வாங்கினேன். இதைத் தங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்தச் சாப்பாட்டில்தான் எல்லாம் போயிற்று. பிருந்தா ராகிச் சப்பாத்தியைப் பரிமாறிக்கொண்டே வருத்தப்பட்டாள். "பாருங்க சார், ரெண்டு மாசம் நான் வச்சிட்டுப் போனதைத் தவிர எதையும் தொடல இவர். அப்படியும் நாலு கிலோ ஏறிட்டார். ராகியில எப்படி சார் வெயிட் ஏறும்?"

"ராகியில ஏறாதும்மா, நெய் ரோஸ்ட்ல ஏறும்" என்றேன்.

"எந்த நெய் ரோஸ்ட்?"

"சார் ஜோக் அடிக்கிறார்" என்றான் வருண்.

என் வகுப்பில் இன்றுவரை ஒரு மாணவன் சிரித்ததில்லை. என்னைப் பார்த்து ஜோக் அடிக்கிறார் என்றால் எப்படி இருக்கும்? "ஒரே இருப்புல ஒன்பது சாப்பிட்டவனுக்கு ஜோக்காத்தான் தெரியும்" என்றேன். நண்பனைக் காப்பாற்ற வந்த பாண்டித்துரை, "சார் வேற யாரோன்னு குழப்பிக்கிறார் சிஸ்டர். நாங்க சாரைக் கடையில ரெண்டு வாட்டி பாத்திருப்போம், அவ்ளோதான்" என்றான். இரண்டாவது முறையாக என்னைப் 'பாத்திருக்கிறார்கள்'. அவ்வளவுதான் மச்சான், எனக்கு என்ன வந்ததோ. "ரெண்டு வாட்டியா? குடுத்த லீவைத் திருப்பிக் குடுத்துட்டு, மாமனார் மணிவிழா அன்னிக்கு என் கட்டில்ல குறட்டை விட்டுட்டு இருந்தது யாருய்யா?" என்று கேட்டுவிட்டேன்.

தாமரை கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். "லீவு கிடைச்சுதா?" என்று மட்டும் கேட்டாள். "அப்பா மேடையில உக்காந்துகிட்டு, மாப்பிள்ளை வரலியா, மாப்பிள்ளை வரலியான்னு வாசலையே பாத்துட்டு இருந்தார். நான் வேலைதான் முக்கியம்ப்பான்னு சமாதானம் சொன்னேன்." எழுந்து கைகழுவப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. பாண்டித்துரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் வரைக்கும் வந்த வருண், "கலாஸ் சார், எல்லாம் முடிஞ்சுது. இனிமே போன்கூட வேண்டாம்" என்றான்.

வாய் தவறிச் சொன்னேன் என்று நான் சாதிக்க மாட்டேன். அவர்களுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். வலித்தது தாமரைக்கு. சாப்பிட்டதும் போட எனக்கென்று வெற்றிலைகூட மடித்து வைத்திருந்த பெண் அவள். இப்போது இங்கே வெயில் தணிந்து நல்ல காற்று வீசுகிறது. சனிக்கிழமை சாயங்காலங்களில் கடற்கரை முழுக்கக் குடும்பங்கள் பாய் விரித்துக் கறி சுடுகின்றன. நான் நடக்கப் போகிறேன். அவர்கள் இருக்கும் பக்கம் வந்தால் இரண்டு முதுகுகள் திரும்பிக்கொள்கின்றன. தலை வெடிக்கிற வெயிலில் எனக்கு இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். இந்தக் காற்றில் ஒருவரும் இல்லை. ஏசிக்காகத்தான் வந்தார்கள் என்றாலும் வந்தார்கள் அல்லவா? ஆகவே தாங்கள் தயவுசெய்து வருணைக் கூப்பிட்டு, நான் மனம் வருந்துவதாகவும், இனி ஒருவர் வீட்டுச் செய்தியை இன்னொருவர் வீட்டில் வாய் திறந்து சொல்வதில்லை என்று உறுதி கூறுவதாகவும் சொல்ல வேண்டும். இது சத்தியம்.

தங்களுக்கும் தங்கள் துணைவியாருக்கும் என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். அழைப்பிதழ் விஷயத்தை இன்றோடு முழுமையாக மறந்துவிட்டேன்.

தங்கள் அன்புள்ள,
அருள்முருகன்

பின்குறிப்பு: மச்சான், வருணிடம் பேச வேண்டாம். கடிதத்தை முடித்த கையோடு கதவு தட்டப்பட்டது. பிருந்தாவும் தாமரையும் பலகாரத் தட்டோடு நிற்கிறார்கள். "நீங்க இல்லேன்னா எங்களுக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது சார். இனிமே ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்க வீட்லதான் சாப்பாடு. இவங்களை நாங்க பேச வைக்கிறோம். அடுத்த ஜூலையில மட்டும் நீங்க கண்ணை வச்சுக்கிட்டு அப்பப்ப ஒரு மெசேஜ் போட்டுருங்க" என்றார்கள். நான் ஒப்புக்கொண்டேன். போகும்போது, "உங்க வீட்டு அக்கா நம்பரும் குடுங்க சார், எங்க குரூப்புல சேத்துக்கிறோம். இப்படி நெய் ரோஸ்ட் போடுற மனுஷன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்னு அவங்ககிட்ட நேர்லயே சொல்லணும்" என்றாள் தாமரை. பெருமையில் உடனே கொடுத்துவிட்டேன். கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அடுப்புப் பற்றவைக்கவே தெரியாது என்றுதான் தங்கள் தங்கை கனகா நம்பிக்கொண்டிருக்கிறாள். அவர்கள் கூப்பிடுவதற்குள் தாங்கள் கனகாவைக் கூப்பிட்டு, தோசையெல்லாம் ஓட்டலிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுங்கள் மச்சான்.