பெடலுக்கு எண்ணெய்

"கீ...ச்!"

சாந்தா பியானோ பெடலை மிதித்ததும் வாட்ச்மேன் அழகேசனுக்கு உசுரே போய்விட்டது. செல்லோ வாத்தியமும் வில்லும் கையுமாக உட்கார்ந்திருந்த தேவசகாயம் ஐயா கண்ணை மூடிக்கொண்டார். காது கொடுத்துக் கேட்க முடியவில்லை போலிருக்கிறது என்று அழகேசன் நினைத்தான்.

அரியலூர் குவாரி பங்களாவின் நூறு வயசு ஜெர்மன் பியானோ அது. ஏலத்தில் எடுத்தவன் நாளைக் காலை லாரி அனுப்புகிறான். அதற்குள் ஒரே ஒரு பாட்டை டேப்பில் பிடித்துவிட வேண்டுமென்று ரிட்டயர்டு இன்ஜினியர் தேவசகாயம் மகள் சாந்தாவோடு மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். போன நூற்றாண்டில் யாரோ ஐரோப்பாக்காரன் உருகி உருகி எழுதிய பாட்டு. இங்கே வேலையில் இருந்தபோது அவரும் மனைவியும் இதே ஹாலில் தினம் சாயங்காலம் வாசித்தது. அந்த அம்மா காலமாகி எட்டு மாதமாகிறது.

"அழகேசா, இந்தப் பெடலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடேம்ப்பா" என்று அம்மா ஆறு வருஷம் சொன்னார்கள். "நாளைக்கு விட்டுடறேம்மா" என்று இவனும் ஆறு வருஷம் சொன்னான். பாவி!

ஒத்திகை முடிந்து எல்லோரும் காபிக்குப் போனதும், விளக்கெண்ணெயைத் தாராளமாக ஊற்றினான். அழுகை வந்தது. துடைத்துக்கொண்டான்.

டேப் சுழன்றது. பெடல் மூச்சுக்கூட விடவில்லை. கொஞ்ச நேரத்தில் தேவசகாயம் வில்லை நிறுத்தினார்.

"அழகேசா, அந்தச் சத்தம்..."

"இதோங்கய்யா!" ஓடிப்போய் வெளியே கத்திய ஆடுகளை விரட்டினான். ஜன்னல்களை அடைத்தான்.

மறுபடி வாசித்தார்கள். மறுபடி நிறுத்தினார்.

ஃபேனை அணைத்தான். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கோணியில் சுற்றிக் கிணற்றடியில் வைத்தான். நாயைக் கட்டினான், கட்டிய நாய் ஊளையிட்டது. அவிழ்த்துவிட்டான், அது நேராக ஹாலுக்குள் வந்து செல்லோவை மோந்து பார்த்தது. சித்திரை வெயிலில் சாந்தாவின் விரல்கள் வேர்வையில் வழுக்கின.

"போதும்மா, கெளம்பலாம்." தேவசகாயம் செல்லோவைப் பெட்டியில் வைத்து மூடினார். கண் கலங்கியிருந்தது.

அழகேசனுக்குத் தாங்கவில்லை. வாசலில் டிரைவர் சின்னதுரையைப் பிடித்தான்.

"இன்னும் என்னண்ணே சத்தம் பாக்கி? அம்மா சொன்னாங்களேன்னு பெடலுக்குக்கூட இன்னிக்கு எண்ணெய் விட்டுட்டேனே!"

கார்க் கதவில் வைத்த கையை சின்னதுரை எடுக்கவில்லை.

"அடப்பாவி! பாட்டு ரிக்கார்டு கடையில கெடைக்கும்யா. அம்மா கால் வச்சா வருமே அந்தக் கீச்சு, அதைப் புடிக்கத்தான் ஐயா இவ்ளோ தூரம் வந்தாரு."