ஆல்ப்ஸ் மலைச் சேறு

காரை ஊர்க் கடையில் வாங்குவது நாகரிகமில்லை என்று எங்கள் மேப்பிள் தெரு முடிவு செய்து சில காலமாகிறது. கார் எந்த மண்ணில் பிறந்ததோ அந்த மண்ணுக்கே நேரில் போய், தொழிற்சாலை வாசலில் அதைக் கையேற்று, ஆல்ப்ஸ் மலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, கப்பலேற்றி அமெரிக்காவில் உள்ள எங்கள் மினசோட்டாவுக்கு அனுப்பிவைக்க வேண்டும். அப்புறம் நாம் விமானத்தில் திரும்பி வந்து, கார் வருகிறதா வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதே கார் அரை மணி தூரத்தில் உள்ள கடையிலேயே கிடைக்குமே என்று கேட்பவனை இங்கே யாரும் திட்டுவதில்லை. பாவம் என்று பார்ப்பார்கள்.

தெருவில் இதைத் தொடங்கிவைத்த புண்ணியவான் மெர்ல் ப்ராட்பெக். இன்சூரன்ஸ் விற்று ஓய்வு பெற்றவர். அவருடைய வோல்ஃப்ராட்டர் கார் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கியபோது, கதவுகளுக்குக் கீழே சேறு தெறித்திருந்தது. மெர்ல் அதைக் கழுவவில்லை. "ஆல்ப்ஸ் மலைச் சேறு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். மழை வந்தால் ஓடிப்போய்த் தார்ப்பாய் போட்டு மூடினார். கார் நனையக் கூடாது என்பதற்காக அல்ல, சேறு கரையக் கூடாது என்பதற்காக.

எதிர்வீட்டு டுவேன் எங்ஸ்ட்ரோம் அந்தச் சேற்றைக் கோடைகாலம் முழுக்கப் பார்த்தார். ஊர்ப் பிள்ளைகளின் கோணல் பற்களுக்குக் கம்பி கட்டி நேராக்குகிற டாக்டர் அவர். நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதருக்கும் எதிர்வீடு என்று ஒன்று இருக்கிறதே, என்ன செய்வது?

அந்தச் சமயத்தில்தான் அவர் மகள் கிரெட்சன், ஆஸ்திரியாவில் ஒரு மலைக் கிராமத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். மாதா கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் பெண்ணைக் கைபிடித்து அழைத்துப் போவது அப்பாவின் உரிமை. டுவேனுக்கு அதை நினைத்தாலே கண் கலங்கும். அந்தக் கலங்கிய கண்ணோடேயே அவர் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். கார்த் தொழிற்சாலையிலிருந்து கிராமத்துக்கு மூன்று மணி நேரப் பாதை. நடுவில் ஆல்ப்ஸ். கடவுளே போட்ட கணக்கு என்று நினைத்துக்கொண்டார்.

"அப்பா, சனிக்கிழமை நாலு மணிக்குக் கல்யாணம். ரயில்ல வந்துடுங்கப்பா. ஸ்டேஷன்லேர்ந்து கோயில் கூப்பிடு தூரம்" என்றாள் கிரெட்சன் போனில்.

"பொண்ணைப் பெத்தவன் ரயில்ல வந்து இறங்கறதா? காலைல காரை வாங்கறேன், மத்தியானம் அங்க இருப்பேன். உன்னைக் கோயிலுக்கு அந்தக் கார்ல கூட்டிட்டுப் போறேன் பாரு."

"எனக்குக் கார் வேண்டாம்பா. நீங்க வந்தாப் போதும்."

"ரெண்டும் வரும்டா கண்ணு."

மேற்கொண்டு சொல்லுமுன் எங்கள் மினசோட்டாக்காரர்களின் குணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்போம். மறுபடி கேட்டாலும் வேண்டாம் என்போம். மூன்றாவது தடவை கேட்டால், 'சரி, உங்கள் மனசு நோகக் கூடாதே' என்று வாங்கிக்கொள்வோம். கொடுப்பவருக்கும் இது தெரியும் என்பதால் சளைக்காமல் மூன்று தடவை கேட்பார். பாராட்டிலும் இதே அடக்கம்தான். சொர்க்கத்தையே கொண்டுவந்து காட்டினாலும் எங்கள் வாயிலிருந்து வரக்கூடிய உச்சகட்டப் புகழ்ச்சி 'மோசமில்லை' என்பது. இந்தக் குணத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு டுவேனும் அவர் மனைவி லொரேனும் ஜெர்மனியில் போய் இறங்கினார்கள்.

தொழிற்சாலையில் கார் கொடுக்கும் இடத்துக்கு 'மகிழ்ச்சி மண்டபம்' என்று பெயர். அங்கே முதுநிலை ஒப்படைப்பு அதிகாரி வீலாண்ட், இஸ்திரி போட்ட முகத்தோடு நின்றிருந்தார்.

"வாங்க டாக்டர் எங்ஸ்ட்ரோம். காரை இப்பவே எடுத்துக்கிறீங்களா?"

"அய்யோ, அவசரமே இல்லீங்க. உங்க சௌகரியம் எப்படியோ அப்படி."

வீலாண்டின் முகத்தில் இருந்த இஸ்திரி கொஞ்சம் கலைந்தது. பிறகு உள்ளே திரும்பி, "மேன்மை தங்கிய வாடிக்கையாளர் அவசரமற்றவர் எனத் தெரிவித்திருப்பதால், அன்னாருக்கு முழு மரியாதை வழங்கப்படும்!" என்று அறிவித்தார்.

லொரேன் விலாவில் ஒரு இடி இடித்தார். "என்னங்க இது? வாங்கின கையோட கிளம்பணும்னுதானே வந்தோம்?"

"இன்னும் ரெண்டு தடவை கேப்பாரும்மா. அப்ப சரின்னு சொல்லிக்கலாம்."

"அவர் ஜெர்மன்காரருங்க. ஒரு தடவைதான் கேப்பார்."

முழு மரியாதை தொடங்கியது. முதலில் காரின் பிறப்பைப் பற்றி ஒரு படம். அது பூமிக்கடியில் இரும்பு உண்டான காலத்திலிருந்து ஆரம்பித்தது. பிறகு தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டினார்கள். ஒரு திருகாணி எப்படி முடுக்கப்படுகிறது என்று காட்டினார்கள். அது தளர்ந்தால் எப்படி மறுபடி முடுக்கப்படும் என்பதற்காக அதைத் தளர்த்தியும் காட்டினார்கள். நடுவில் வெள்ளை சாசேஜ் விருந்து. அதை நண்பகல் மணி அடிப்பதற்குள் தின்றுவிட வேண்டும் என்பது அந்தப் பக்கத்துச் சம்பிரதாயம்.

"சாப்பிடறீங்களா?" என்றார் வீலாண்ட்.

"இல்லீங்க, பரவால்ல" என்றார், முந்தின நாள் விமானத்தில் சாப்பிட்டதோடு வந்திருந்த டுவேன்.

தட்டு அப்படியே திரும்பிப் போயிற்று. டுவேனின் கண்கள் சமையல்கட்டு வாசல் வரைக்கும் அதன் பின்னாலேயே போய்த் திரும்பின.

கடைசியில் திரை விலகியது. சுழலும் மேடையில், வயலின் இசைக்க, நீல நிறத்தில் கார் வந்து நின்றது. அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்தக் கதவைத் திறந்து மகள் வெள்ளை உடையோடு இறங்குவதை டுவேன் அப்போதே பார்த்துவிட்டார். போட்டோ பிடித்தார்கள். வெல்வெட் மெத்தையில் சாவி வந்தது.

"ஒரே ஒரு கேள்வி, டாக்டர்" என்றார் வீலாண்ட். "கார் உங்களுக்குத் திருப்தியா?"

டுவேன் நெஞ்சு நிறையச் சொன்னார். "மோசமில்லைங்க."

வயலின் நின்றது. சாவியை நீட்டிய கை பின்னால் போயிற்று.

"மோசமில்லையா? அப்ப எது சரியில்ல?"

"எல்லாமே சரிதாங்க. அதான் மோசமில்லைன்னு சொன்னேன்."

"நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பீங்க. நீங்க சொல்லல. ஆக, ஒரு குறை இருக்கு. அதை நீங்க பெருந்தன்மையா மறைக்கறீங்க." வீலாண்டின் குரல் நடுங்கியது. "டாக்டர், 'மோசமில்லை'ங்கற நிலைமையில ஒரு கார் இந்த வாசலைத் தாண்டினதா சரித்திரமே கிடையாது!"

"நல்லாருக்குன்னு சொல்லித் தொலைங்களேன்!" என்று லொரேன் காதோரம் சீறினார்.

டுவேன் முயற்சி செய்தார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. "ரொம்ப… ரொம்பவே… மோசமில்லைங்க." உயிரே போனாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை மினசோட்டா வாயில் ஏறாது.

வெள்ளைக் கோட்டு இஞ்சினியர்கள் வந்து இறங்கினார்கள். காரைத் தட்டினார்கள், மோந்தார்கள், ஒரு கதவைக் கழற்றி நிறுத்துப் பார்த்தார்கள். குறை இல்லை என்று சொல்லலாம் என்றால், வாடிக்கையாளர் பொய்யர் என்றாகிவிடும். அதற்கு அவர்களுடைய மரியாதை இடம் கொடுக்கவில்லை. ஆகவே குறை இருந்தே தீர வேண்டும் என்று தேடினார்கள். தேடினால் கிடைக்காதா? முன் இருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டியின் மூடி, மூடும்போது இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் மிருதுவாகச் சத்தம் போட்டது.

"இதைத்தானே சொன்னீங்க?" என்று தலைமை இஞ்சினியர் கண்கள் பளபளக்கக் கேட்டார்.

இவ்வளவு பாடுபட்ட மனிதரை எப்படி இல்லை என்று சொல்வது? "இருக்கலாங்க" என்றார் டுவேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். அத்தனை நுட்பமான காது! அந்தச் சமயத்தில் நண்பகல் மணி அடித்தது. வெள்ளைக் கோட்டுகள் ஆணியில் ஏறின. சனிக்கிழமை மணி அடித்த பிறகு அங்கே எந்தத் திருகாணியும் திரும்பாது. மூடியைத் திங்கட்கிழமைதான் சரிசெய்ய முடியும்.

"என் பொண்ணுக்கு இன்னிக்கு நாலு மணிக்குக் கல்யாணங்க" என்றார் டுவேன் மெதுவாக.

"அப்படியா? வாழ்த்துகள்!" வீலாண்ட் மனமார மகிழ்ந்தார். "திங்கட்கிழமை வரைக்கும் ஓட்ட ஒரு மாற்றுக் கார் தரட்டுமா? வாசல்லயே நிக்குது. இலவசம்."

"அதெல்லாம் எதுக்குங்க, உங்களுக்கு வீண் சிரமம்."

வீலாண்ட் லொரேன் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்களுக்கு?"

காலையிலிருந்து புருஷனை இடித்துக்கொண்டிருந்த லொரேன் வாயைத் திறந்தார். அவரும் எங்கள் ஊரில் பிறந்து எங்கள் ஊரில் வளர்ந்தவர். "பரவால்லீங்க. நாங்க பாத்துக்கறோம்."

"சரி" என்றார் வீலாண்ட். விளக்கை அணைத்தார்.

இருவரும் மூன்றாவது கேள்விக்காக இருட்டில் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

அப்புறம் ரயில்தான். கிளம்பிய ரயில் தாமதம், மாற வேண்டிய ரயில் போய்விட்டது. யார் யாரைத் திட்டுவது? கிராமத்தில் இறங்கி, கோட்டும் சூட்டுமாக மேட்டில் ஓடி, மாதா கோயில் வாசலுக்கு அவர்கள் வந்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. அது கல்யாணம் முடிந்த மணி.

கிரெட்சன் படியிறங்கி வந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை. அவளைப் பீடம் வரைக்கும் கைபிடித்து அழைத்துப் போனவர் மாப்பிள்ளையின் மாமா, பால் வியாபாரி. கோயிலுக்கு அவள் வந்ததும் அவருடைய பால் வண்டியில்தான்.

"வாசல்லயே நின்னுட்டிருந்தேம்பா" என்றாள். "பாதிரியாருக்கு வேற ஊருக்குப் போகணுமாம். அதுக்கு மேல நிக்க முடியல." பிறகு பின்னால் எட்டிப் பார்த்தாள். "கார் எங்க?"

ஊருக்கெல்லாம் பல் காட்டச் சொல்லிக்கொடுத்தவர், மகள் எதிரில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் அம்மா கேக் தட்டோடு வந்தாள். "இப்பதாங்க சாப்பிட்டோம்" என்றார் டுவேன்.

ஊருக்குத் திரும்பும் நாளில் வீலாண்ட் போன் செய்தார். மூடி இப்போது உரிய சத்தத்தோடு மூடுகிறதாம். "நீங்க ஓட்ட முடியாததால நேரா கப்பல்ல ஏத்தறோம் டாக்டர். இன்னொரு விஷயம். சுத்தமா போய் இறங்கினா அக்கம்பக்கத்துல சங்கடமா இருக்கும்னு சில வாடிக்கையாளர்கள் சொல்றாங்க. அதனால துறைமுகத்துல மலைப் பயணத் தடயம் உண்டாக்கித் தர ஒரு சேவை வச்சிருக்கோம். அசல் ஆல்ப்ஸ் சேறு. அடிக்கட்டுமா?"

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக டுவேன் முதல் கேள்விக்கே, "அடிங்க" என்றார்.

கார் வந்தது. தெரு கூடிற்று. மெர்ல் குனிந்து கதவுக்குக் கீழே தெறித்திருந்த சேற்றை நெடுநேரம் பார்த்தார். பிறகு எதிரே நின்ற தன் காரைப் பார்த்தார். அதே இடம், அதே தெறிப்பு, பின்சக்கரத்துக்கு மேலே வால் போல நீண்ட அதே கோடு. ஒரே கை அடித்தது. மெர்லின் முகம் வெளிறியது. டுவேனின் முகமும்தான்.

"மலைப் பாதையெல்லாம் எப்படிய்யா இருந்துது?" என்றார் மெர்ல், தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு.

"மோசமில்ல" என்றார் டுவேன். "நீ போனப்ப?"

"மோசமில்ல."

அதோடு அது முடிந்தது. இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வோல்ஃப்ராட்டர் நிற்கிறது. எல்லாவற்றிலும் அந்த வால் இருக்கிறது. மழை தூறினால் தெருவே தார்ப்பாயோடு வெளியே ஓடிவருகிறது. யாரும் யாருடைய காரையும் குனிந்து பார்ப்பதில்லை. எங்கள் வீட்டுக் கார் அடுத்த மாதம் வருகிறது. மழைக்கு முன்னால் தார்ப்பாய் வாங்கியாக வேண்டும்.

டுவேன் வீட்டு வரவேற்பறையில் இரண்டு போட்டோக்கள் மாட்டியிருக்கின்றன. போன வாரம் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி, அவற்றில் சின்னப் படத்தின் முன்னால் நின்றாள். வெள்ளை உடையில் கிரெட்சன், அவள் கையைப் பிடித்தபடி பால்காரர்.

"யாரு, சொந்தக்காரப் பொண்ணா? பக்கத்துல இருக்கறது அவ அப்பாதானே? முகத்துலயே தெரியுது, எவ்வளவு பெருமை!"

வீட்டுக்கு வந்தவரை முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை.

"இருக்கலாங்க" என்றார் டுவேன்.

அவள் அடுத்த படத்துக்கு நகர்ந்தாள். பெரிய சட்டத்துக்குள் நீலக் கார், பக்கத்தில் டுவேன்.

"அடேயப்பா, கார் எவ்வளவு நல்லாருக்கு!"

டுவேன் வாயைத் திறந்தார். வழக்கமான அந்த 'மோசமில்லை' மட்டும் அன்று வரவில்லை.