ஒன்றும் கிடைக்காத ஐந்து பேர்

"ஏங்க்கா, நீங்க கண்ண மூடிட்டா இந்தத் தையல் மெஷின் யாருக்கு?"

இராஜம் இப்படிக் கேட்டபோது, தெரேசம்மா அவளுடைய ரவிக்கைக்கு அளவு பிடித்துக்கொண்டிருந்தாள். வாயில் மூன்று குண்டூசிகள். அதில் ஒன்று தொண்டைக்குள் போகாமல் தப்பியது மாதாவின் கிருபை.

"ஏண்டி, காலங்காத்தால கேக்கிற கேள்வியா இது?"

"நேத்து இராமையாண்ணன் கருமாதியில பாத்தீங்கதானே?"

பார்த்தாள். இராமையாவின் மகன்மார் இருவரும் ரேடியோப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் எந்தக் குமிழ் திருகியதோ, பெட்டி திடீரென்று கலியாணப் பாட்டு ஒன்றைப் பெருங்குரலில் பாடத் தொடங்கிவிட்டது. அழ வந்த சனமெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது.

"நாலு வரி எழுதி வச்சிருந்தா இந்தக் கூத்து வந்திருக்குமா?" என்று சொல்லிவிட்டு இராஜம் போய்விட்டாள். தெரேசம்மாவால் அதற்குப் பிறகு ஒரு தையல் நேராகப் போட முடியவில்லை.

அவளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. இருக்கிற ஒரே இரத்த உறவு பலாங்கொடையில் இருக்கும் அண்ணன் மகன் ஜூலியஸ். போன பெருநாளுக்கு வந்தவன், "உடம்புக்கு எப்படி இருக்கு அத்தை?" என்று மெஷினைப் பார்த்துக் கேட்டான். பிறகு ஒரு கயிற்றை எடுத்து அதன் நீள அகலத்தை அளந்தான்.

"எதுக்குப்பா அளக்கிற?"

"சும்மாதான் அத்தை. பஸ் மேல ஏறுமான்னு பாத்தேன்."

தெரேசம்மாவின் மனதில் இருந்தவள் வேறு ஒருத்தி. தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் மூன்றாம் காம்பராவில் இருக்கும் புஷ்பவதி. தெரேசம்மா காய்ச்சலில் கிடந்த நாற்பது நாளும் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றியவள். றப்பர் மலையில் சறுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு ஒரு கால் சரியில்லை. இன்னும் கொஞ்ச காலம்தான் றப்பர் மரத்தில் பால் வெட்டப் போகலாம். அதற்குப் பிறகு மூன்று பெண் பிள்ளைகளோடு அவள் பிழைக்க வேண்டுமானால், அது அந்த மெஷினால்தான் முடியும். இப்போதே கொடுத்துவிடலாம் என்றால், தெரேசம்மாவின் அடுப்பும் அதே மெஷினால்தான் எரிகிறது.

மறுநாளே கேகாலைக்குப் பஸ் ஏறினாள்.

கோர்ட்டுக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வாசலில் மேசை போட்டு மனு எழுதுகிறவர் மாவனல்லை நுஹ்மான். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சந்தோஷம் வந்துவிட்டது.

"நல்ல காரியம் செய்யிறீங்கம்மா. வயசு வந்த எல்லாருமே மரண சாசனம் எழுதணும். சொத்து உள்ளவன்தான் எழுதணும்னு நெனைக்கிறாங்க. சொத்து எதுக்கு? சண்டை புடிக்க ரெண்டு பேர் இருந்தாப் போதும், எழுதத்தான் வேணும்."

"அப்ப எழுதுங்க நுஹ்மான் நானா."

"பத்திரம் முடிக்கிற நொத்தாரிசுக்கிட்டப் போனா ரெண்டு சாட்சி போதும்."

"அந்தப் பெரிய மனுஷன் முன்னால நான் நின்னா எனக்கு என் பேரே மறந்துரும். வேற வழி சொல்லுங்க."

"ஹரி, சரிம்மா. அப்ப அஞ்சு சாட்சி வேணும். அஞ்சு பேரும் ஒரே நேரத்தில, உங்க முன்னாலேயே ஒப்பம் வைக்கணும். ஒரு விஷயம். இதில பேர் எழுதின ஆள் யாரும் சாட்சி போட ஏலாது. ஒண்ணும் கிடைக்காத ஆளாப் பாத்துப் புடிங்க."

'ஒன்றும் கிடைக்காத ஆள் அஞ்சு பேர். லயம் முழுக்க அவங்கதானே?' என்று எண்ணிக்கொண்டு தெரேசம்மா திரும்பினாள்.

முதலில் இராஜத்திடம் போனாள். யோசனை சொன்னவளே அவள்தான்.

"ஒரு கையெழுத்துப் போடணும் இராஜம். பேர் இல்லாதவங்கதான் போடலாமாம்."

இராஜம் முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லேங்கிறீங்க."

"அய்யோ, அப்படி இல்லடி…"

"இருவது வருஷமா ஒரே சுவத்துக்கு ரெண்டு பக்கமும் படுத்திருக்கோம். நீங்க இருமினா நான் முழிக்கிறேன். ஒரு கரண்டிகூடவா இல்ல?" மூக்கு சிவந்துவிட்டது. அடுத்தது கண்ணீர்தான்.

"பித்தளைக் குடம் ஒனக்குத்தான்!" என்றாள் தெரேசம்மா, பதறிப்போய்.

"ஒடுக்கு விழுந்ததா, நல்லதா?"

"நல்லது."

இராஜம் முகத்தைத் துடைத்துக்கொண்டு முறத்தை எடுத்தாள். குடம் வந்துவிட்டதால் கையெழுத்து போய்விட்டது.

உபதேசியார் அல்பிரட் ஆசையில்லாத மனுஷர் என்று பெயர் எடுத்தவர். "ஆஸ்தியெல்லாம் மண்ணு, தெரேசம்மா. தாராளமாப் போடுறேன்" என்று பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். பிறகு மெதுவாக, "அந்தச் சாய்வு நாற்காலி யார் பேர்ல?" என்றார்.

"ஒங்க பேர்லதான்" என்றாள் தெரேசம்மா. உபதேசியார் பேனாவை மூடினார்.

கடைக்காரர் பழனிமுத்து ஒன்றும் கேட்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேயிலைத் தூள் பொட்டலத்தை நூல் கட்டாமல் அப்படியே தூக்கி வைத்தார். தெரேசம்மாவுக்குப் புரிந்தது. சேவலை அவருக்கு எழுதினாள். மறுநாளிலிருந்து அவர் தினமும் ஒரு கைப்பிடிச் சோளத்தோடு வந்துவிட்டார்.

"நம்ம சேவல் எளைச்சிருக்கே அக்கா, கவனிக்கிறதில்லையா?"

சேதி பரவியது. தெரேசம்மா யாரையும் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சனமே வாசலுக்கு வந்தது. "சாட்சிக்கு ஆள் வேணுமாமே?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொருவரும் உள்ளே கண்ணை ஓட்டினார்கள். வந்தவர்களின் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கல் நெஞ்சு தெரேசம்மாவுக்கு இல்லை. அம்மிக்கல் போயிற்று. லாந்தர் போயிற்று. நாலு பீங்கான் கோப்பைகள் நாலு வீட்டுக்குப் போயின. கத்தரிக்கோல் மட்டும் மெஷினோடு இருக்கட்டும் என்று ஒரு நாள் முழுவதும் போராடிக் காப்பாற்றினாள்.

நான்காவது தடவையாகத் திருத்தி எழுதும்போது நுஹ்மான் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, இது மரண சாசனமா, தோட்டத்துப் பேர்ப் புத்தகமா?"

"என்ன செய்யிறது நானா? சாட்சி கேட்டா, 'ஒனக்கு ஒண்ணுமில்ல'ன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆகிருது."

"அப்ப ஒங்களுக்கு ஆகாத ஆளாப் பாத்துக் கேளுங்க."

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மேட்டு லயத்து மீனாம்பாளோடு தெரேசம்மா பேசிப் பதினொரு வருஷம். ஒரு பலாப்பழத்தில் வந்த சண்டை. அவளுக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பதில் ஒரு சங்கடமும் வராது. அவள் வீட்டில் அவளோடு புருஷன், மகன், மருமகள், மச்சான் என்று ஐந்து பேரும் சரியாக இருந்தார்கள்.

மீனாம்பாள் கதவைத் திறந்தாள். தெரேசம்மாவைப் பார்த்தாள்.

"எம் படி தேடி வந்துட்டீங்களே அக்கா!" என்று கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். "நானே வரணும்னு இருந்தேன். வெக்கம் விடல."

பலாச்சுளை வந்தது. தேத்தண்ணி வந்தது. தெரேசம்மாவும் அழுதாள். வந்த காரியத்தைச் சொல்லவே நா எழவில்லை. திரும்பி இறங்கும்போது ஆட்டுக்கல் மீனாம்பாளுக்கு என்று ஆகியிருந்தது.

அன்று வீட்டில் ஜூலியஸின் கடிதம் காத்திருந்தது. 'அத்தை, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். மழைக்கு மெஷினை மூடி வைக்கவும்.'

ஒரு கிழமைக்குப் பிறகு, பள்ளத்து லயத்து வழியாக நடக்கும்போதுதான் தெரேசம்மாவின் மூளையில் வெளிச்சம் அடித்தது. கங்காணி அழகமுத்துவின் வாசலில் தகரப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மூத்த மகன் அவற்றின் மேல் வெள்ளைச் சாயத்தால் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். அந்தக் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட்டு வந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை ஒரேயடியாக இந்தியாவுக்குப் பயணம். அழகமுத்து, பெண்சாதி, இரண்டு மகன்மார், ஒரு மருமகள். எண்ணிப் பார்த்தாள். ஐந்து! எல்லாரும் வயது வந்தவர்கள்.

தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். அழகமுத்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க சாமானையே யார் தலையில கட்டலாம்னு நாலு நாளா அலையிறேன். நீங்க எனக்கு ஏதாவது தாறேன்னு சொல்லியிருந்தாத்தான் தங்கச்சி கோவம் வந்திருக்கும்!"

வியாழக்கிழமை காலை. தகரப் பெட்டியே மேசையானது. நுஹ்மான் ஐந்தாம் தடவையாக எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தை விரித்து, எல்லாரும் பார்க்கத் தெரேசம்மா கையெழுத்து வைத்தாள். கீழே ஐந்து பேரும் வரிசையாக வைத்தார்கள். ஒருவர் முகமும் வாடவில்லை. போதாக்குறைக்கு அழகமுத்துவின் பெண்சாதி ஒரு கூடைக் கோழிக்குஞ்சை வேறு தெரேசம்மாவின் கையில் திணித்தாள்.

லொறி வந்தது. "மூணு மணி ரயிலுக்கு ரம்புக்கனையில நிக்கணும்" என்று டிரைவர் அவசரப்படுத்தினான். பெட்டிகள் ஏறின. அழுகையும் சிரிப்புமாக அவர்கள் போனார்கள். தெரேசம்மா லொறி மறையும் வரை கையசைத்தாள். பிறகு குஞ்சுக் கூடையைப் புஷ்பவதியிடம் விட்டுவிட்டு, காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கேகாலைக்குப் போனாள்.

நுஹ்மான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"மாஷா அல்லாஹ்! ஒரு குத்தமும் சொல்ல ஏலாது. நல்ல பத்திரமா வைங்க."

"மெஷின் புஷ்பவதிக்குத்தானே?"

"பின்ன? யார் வந்தாலும் அசைக்க ஏலாது."

ஒரு மாதமாக அலைந்த பிறகு அன்றுதான் தெரேசம்மாவுக்கு மூச்சு இறங்கியது. இனி ஜூலியஸ் எத்தனை கயிறு கொண்டுவந்தாலும் கயிறுதான் அவனுக்கு மிச்சம். சந்தோஷத்தில், பக்கத்து வாங்குப் பலகையில் இருந்த முன்பின் தெரியாத மனுஷருக்கும் சேர்த்துத் தேத்தண்ணி சொன்னாள். அவர் ஜாபிர். கோர்ட்டு வாசலில் நின்று வழக்குக்காரர்களின் பெயரைக் கூப்பிடுவது அவர் உத்தியோகம்.

ஜாபிர் தேத்தண்ணியை ஊதிக் குடித்தபடி காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

"நல்ல தெளிவான ஒப்பம். இந்த அஞ்சு பேரையும் பத்திரமாப் பாத்துக்கங்கம்மா. ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுண்டா, 'எங்க கண் முன்னாலதான் எழுதினாங்க'ண்டு கோர்ட்டில வந்து சத்தியம் பண்ணச் சொல்லி, நான் பேர் கூப்பிடப் போறது இவங்களத்தான்."

தெரேசம்மா வாய்க்குக் கொண்டுபோன கிளாசை அப்படியே மேசையில் வைத்தாள். கடைச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்றே முக்கால்.

காகிதத்தைப் பறித்து இடுப்பில் செருகினாள். குடையை எடுத்தாள்.

"அம்மா! தோட்டத்துப் பஸ் இந்தப் பக்கம்!" என்று கத்தினார் நுஹ்மான்.

தெரேசம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரம்புக்கனை பஸ்ஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.