மஞ்சள் மூஞ்சி யாரைப் பார்த்துச் சிரித்தது?

அன்புள்ள மாமாவுக்கு,

இல்லை. நான் அவரைத் திட்டவில்லை.

நேற்று மாலை போனில் இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டீர்கள். நீங்கள் போட்ட சத்தத்திலிருந்து உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துகொண்டேன், மகிழ்ச்சி. நானும் நலம். வேலைதான் நலமாக இல்லை. மெயிலில் எழுதியிருக்கலாம். இப்போது மெயில் என்றாலே பயம். அதனால் காகிதம். ஒரே ஒரு வேண்டுகோள்: இதை நீங்களே கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். வழக்கம்போல அத்தையிடம் நீட்டி, "என்ன எழுதியிருக்கா, வாசி" என்று சொல்லாதீர்கள். காரணம் பின்னால் வரும்.

உங்கள் நண்பர், அதாவது என் மேலாளர், உங்களிடம் சொன்னது: "உன் மருமக மெயில்லயே என்னை அவமானப்படுத்துறா. வெள்ளிக்கிழமையோட ஆறு மாசம் முடியுது. நிரந்தரம் பண்றதா இல்ல." நீங்கள் என்னிடம் சொன்னது: "சிபாரிசு பண்ணின நான் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?" இரண்டுக்கும் சேர்த்து இந்தப் பதில். இன்று அந்த வெள்ளிக்கிழமை. மணி பத்து நாற்பது. என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது பதினொரு மணிக்கு மேலாளர் அறையில் முடிவாகும். அதுவரை கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி இது. எந்தக் கட்டடத்து லிஃப்டை எந்த நாளில் யார் போய்ப் பார்ப்பது என்று வாரம்தோறும் அட்டவணை போட்டு மேலாளருக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். அதுதான் என் வேலை. ஆரம்பத்தில் நான் எழுதியது இரண்டே சொல்: "அட்டவணை இணைப்பில்." பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் சொல்லைக் குறை, குறை என்றுதான் கற்றுக்கொடுத்தார்கள். குறைத்திருந்தேன். இன்னொரு சொல்லைக்கூட எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மேலாளர் கூப்பிட்டார். அறைக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தலைவலியாம். மேசையில் கணினி அணைந்து கிடந்தது. பார்த்தேன். பார்த்ததோடு சரி.

"ஏம்மா, நாய்க்கு எலும்பு வீசற மாதிரி வீசறியே, நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

என் சுபாவம்தான் இப்படி என்று எனக்கே தோன்றியது. என் வாக்கியங்களில் குளிர் அதிகம். அன்று முழுவதும் அதைப் பற்றி யோசித்தேன். பிறகு பக்கத்து இருக்கை அண்ணனிடம் ஆலோசனை கேட்டேன். உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் என்பதால் அவருக்கு உதிரி அண்ணன் என்று பெயர். அவர் சொன்னார், "மேல ஒரு வணக்கம், நடுவுல ஒரு தயவுசெய்து, கீழ ஒரு நன்றி. இந்த மூணு போல்ட்டையும் முடுக்கிட்டா மெயில் ஆடாது." முடுக்கினேன். "மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். அட்டவணையை இணைத்துள்ளேன். நேரம் கிடைக்கும்போது தயவுசெய்து பாருங்கள். நன்றி." மறுநாள் மறுபடி அழைப்பு. "நேரம் கிடைக்கும்போதா? அப்ப நான் இங்க உட்கார்ந்து ஈ ஓட்டறேனா?" அடுத்த வாரம் "தங்கள் மேலான பார்வைக்கு" என்று எழுதினேன். "கிண்டலா?" என்றார். "அன்புடன்" என்று முடித்தேன். "எந்த அன்பு?" என்றார். ஒரு வாரம் ஒன்றுமே எழுதாமல் அட்டவணையை மட்டும் அனுப்பினேன். "பேசவே பிடிக்கலையோ?" என்றார். நான் சேர்த்த ஒவ்வொரு மரியாதையும் அங்கே போய்ச் சேரும்போது ஒரு குத்தலாக மாறியிருந்தது. இரவெல்லாம் சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று யோசித்தேன் மாமா. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. நடுவில் ஒரு வரவேற்பறைதான் இருந்தது.

சொல்கிறேன். இந்த வாரம் உதிரி அண்ணனின் கடைசி யோசனைப்படி மெயில் முடிவில் ஒரு சிரிக்கும் மஞ்சள் மூஞ்சியை வைத்து அனுப்பினேன். நேற்று பதினொரு மணிக்கு ஒரு கோப்பைக் கொடுக்க மேலாளர் அறைக்குப் போனேன். கதவு சற்றே திறந்திருந்தது. உள்ளே வரவேற்பறை அக்காவின் குரல். தினமும் அந்த நேரத்துக்கு அவர் உள்ளே போவார், ஏதோ மீட்டிங் என்று நினைத்திருந்தோம். மீட்டிங் இல்லை. மேலாளருக்குக் கண்ணில் ஆபரேஷன் என்று பிறகு அக்காவே சொன்னார். டாக்டர் திரையைப் பார்க்கவே கூடாது என்றிருக்கிறார். வெளியே தெரிந்தால் ஆட்கள் மதிக்க மாட்டார்கள் என்று அவர் மறைக்கிறார். உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டார். வந்த மெயில்களையெல்லாம் ஆறு மாதமாக அவருக்கு வாசித்துக் காட்டுவது வரவேற்பறை அக்கா.

என் மெயில் வந்தது. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை அக்கா. ஆனால் "வணக்கம்" என்பதை மூக்கால் சொன்னார். "தயவுசெய்து" என்பதை நாலு துண்டாக வெட்டி ஒவ்வொன்றாகக் கீழே போட்டார். "நன்றி"யில் கதவை அறைந்து சாத்தும் சத்தம் இருந்தது. கேட்க எனக்கே என்மேல் கோபம் வந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் மேலாளர்.

"கடைசில ஒரு மூஞ்சி சிரிக்குது சார்."

"யாரைப் பார்த்து?"

"உங்களைப் பார்த்துதான் சார்."

கோப்பைக் கொடுக்காமலே திரும்பிவிட்டேன். மதியம் அக்கா டப்பா கழுவும்போது தொட்டி அருகில் போய் நின்றேன்.

"அக்கா, நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, என்னை மேசைக்குக் கூட்டிப்போய், இழுப்பறையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் நான் எழுதிய மெயில். அலுவலகத்தின் முப்பத்துநாலு பேருக்கும் போயிருந்தது. "இன்று காலை 9.10 முதல் 9.25 வரை வரவேற்பறைத் தொலைபேசி எடுக்கப்படவில்லை. கவனிக்கவும்." அன்று அது மிக நல்ல வாக்கியமாகத் தோன்றியது. ஒரு சொல் கூடுதல் இல்லை.

"அந்தப் பதினஞ்சு நிமிஷம் நான் எங்க இருந்தேன் தெரியுமா?"

"தெரியலக்கா."

"நம்ம லிஃப்ட்ல மாட்டிக்கிட்டிருந்தேன். உள்ள ஒரு சிவப்பு பட்டன் இருக்கில்ல, அதை அமுக்கினா எங்க அடிக்கும்?"

எனக்கு மெதுவாகப் புரிந்தது. லிஃப்டுக்குள் இருக்கும் பட்டனை அழுத்தினால் வரவேற்பறைத் தொலைபேசிதான் அடிக்கும்.

"நான்தான் கூப்பிட்டேன். என் மேசைல என் போன் அடிக்குது, எடுக்க வேண்டிய நான் உள்ள நிக்கறேன். நீ நாலடி தள்ளி உட்கார்ந்து கடிகாரம் பார்த்துக்கிட்டிருந்திருக்க. எடுக்கத் தோணல. எழுதத் தோணிச்சு. அதுவும் முப்பத்துநாலு பேருக்கு." பிறகு தாளை மறுபடி நாலாக மடித்தார். "நீ எழுதினதை எழுதினபடிதான் வாசிச்சேன். ஒரு எழுத்து மாத்தல."

மாமா, அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். "எத்தனை பேருக்குப் போட்டியோ அத்தனை பேருக்கும் போடு" என்றார். நியாயம். நேற்று மாலையே அனுப்பினேன். பதினொரு பேர் "பரவாயில்லை" என்று எல்லோருக்கும் பதில் போட்டார்கள். ஒருவர் "யார் இது?" என்று எல்லோரிடமும் கேட்டார். "தேவையில்லாமல் எல்லோருக்கும் பதில் அனுப்ப வேண்டாம்" என்று உதிரி அண்ணன் எல்லோருக்கும் எழுதினார்.

இன்று காலை, நிரந்தரமாக்கக் கோரும் என் மெயிலை எழுதி முடித்தேன். இரண்டு மணி நேரம். நாற்பது வரி. என் வாழ்நாளில் இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை. வணக்கமும் பணிவும் ததும்பி வழிகின்றன. அதை வாசிக்கப்போவது யார் என்று தெரிந்தே எழுதினேன். அக்கா இப்போதுதான் உள்ளே போனார். போகும்போது என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்தத் தொனியில் எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆகவே மாமா, நீங்கள் மூஞ்சியை எங்கும் ஒளிக்க வேண்டாம். குற்றம் என்னுடையது, ஆனால் உங்கள் நண்பர் நினைக்கும் குற்றம் இல்லை. இனி நான் எல்லோருக்கும் நீளமாக, இதமாக, நலம் விசாரித்து எழுதுவதாக உறுதி சொல்கிறேன். வேலை போனாலும் இந்தப் பாடம் போகாது.

உங்கள் இரத்த அழுத்தத்துக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு முத்தங்கள். அத்தைக்கு அன்பு. அத்தை, நீங்கள்தான் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அந்த "அன்பை"க் கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மெயில்லயே அவமானப்படுத்தும் உங்கள் மருமகள்

பி.கு.: மேலே உறுதி சொன்னதை அடித்துவிடுங்கள். அக்கா வெளியே வந்தார். கையெழுத்து ஆகிவிட்டது. நிரந்தரம். நாற்பது வரியையும் நல்லபடியாக வாசித்ததற்கு நன்றி சொன்னேன்.

"யாரு வாசிச்சா? எவ்வளவு நீளம்! 'சார், இந்த வேலை எனக்கு வேணும். மணி அடிச்சா இனிமே எடுப்பேன்'னு நீ எழுதியிருக்கறதா சொன்னேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"'இவ்வளவு சுருக்கமா, இவ்வளவு மரியாதையா எழுதத் தெரிஞ்ச பொண்ணு, இத்தனை நாளா ஏன் வளவளன்னு எழுதினா?'ன்னு கேட்டார்."

சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு லிஃப்டில் கீழே போனார். இரண்டு நிமிடத்தில் அவர் மேசைத் தொலைபேசி அடித்தது. இந்தப் பேனாவை வைத்துவிட்டுப் போய் எடுத்தேன்.