மாஸ்டர் மச்சினனை வெட்டிய கதை

மச்சினனை வெட்டிவிடுவது என்று கட்டிங் மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார். பதறாதீர்கள், போட்டோவிலிருந்துதான்.

மாஸ்டர் லேசுப்பட்ட ஆள் இல்லை. தையல் கடை வாசலில் ஆள் வந்து நிற்கும்போதே டேப்பைத் தொடாமல் காலர் அளவைச் சொல்லிவிடுவார். மிஷினை யாரிடம் கொடுத்தாலும் கத்தரிக்கோலை மட்டும் கொடுக்க மாட்டார். ஊரே நம்பித் துணியைக் கொடுக்கும். வீட்டில்தான் அவர் பேச்சு எடுபடாது. அங்கே அளவெடுப்பதும் மனைவி, வெட்டுவதும் மனைவி. மாஸ்டர் வெறும் துணி.

அந்த அம்மாள் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் முன் மேசையில் வேலை பார்க்கிறாள். பயந்து நடுங்கி வருகிறவர்களிடம் தேனாகப் பேசி நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்கே தெரியும், பல் போகப்போகிறது என்று. இதை மாஸ்டர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டார்.

விஷயத்துக்கு வருவோம். புது வீட்டுக்குக் குடி வந்தாயிற்று. ஹாலில் கதவைத் திறந்ததும் எதிரே பெரிய வெற்றுச் சுவர். குடி வந்த அன்று வாசலில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி அங்கே மாட்ட வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். படத்தில் இடது பக்கம் மாஸ்டர், நடுவில் மனைவி, வலது பக்கம் அவள் தம்பி. தம்பியின் கை அக்காவின் தோளில்.

மச்சினன் குழாய் ரிப்பேர் பார்ப்பவன். தங்கமான பையன். அதுதான் சிக்கலே. கெட்டவனாக இருந்தால் ஒரு சண்டை போட்டுத் துரத்திவிடலாம். யாராவது கேமராவைத் தூக்கினால் போதும், "அக்கா, நானும்" என்று எங்கிருந்தோ வந்து நிற்பான். கல்யாண போட்டோவிலேயே ஜோடிக்கு நடுவில் அரைக்கால் சட்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மாஸ்டரும் மனைவியும் மட்டும் இருக்கிற போட்டோ உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. மாஸ்டருக்கு அது உள்ளூர ஒரு குறை. வெளியே சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும் என்று சொல்லாமலே வைத்திருந்தார். அதுவும் இந்தப் படத்தில் அவள் மனசு விட்டுச் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் தான் மட்டும் நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது.

பக்கத்துக் கடை ஸ்டுடியோக்காரரிடம் போனார்.

"இந்தப் படத்துல வலது பக்கத்தைக் கொஞ்சம் வெட்டிடணும்."

"வலது பக்கத்துல ஆள் இருக்காரே மாஸ்டர்."

"அதனாலதான் வெட்டச் சொல்றேன்."

ஸ்டுடியோக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "போன தடவை ஒருத்தர் மாமியாரை வெட்டச் சொன்னார். வெட்டினேன். மறுநாள் மாமியார் நேரா கடைக்கே வந்துட்டாங்க. ஆளை விடுங்க. நீங்களே வெட்டிக் கொண்டு வாங்க, நான் பிரிண்ட் மட்டும் போட்டுத் தரேன்."

"எதால வெட்டறது?"

"பிரவுசர்ல தேடுங்க. படம் வெட்டற சைட் நிறைய இருக்கு. கம்ப்யூட்டர்ல எதையும் ஏத்த வேண்டாம். படத்தை உள்ள போட்டா போதும்."

மத்தியானம் கடை ஓய்ந்த நேரத்தில் மாஸ்டர் கட்டிங் மேசை மேலேயே லேப்டாப்பைத் திறந்தார். தேடினார். ஒரு சைட் கிடைத்தது. படத்தை உள்ளே இழுத்துப் போட்டதும் அதைச் சுற்றி ஒரு கட்டம் வந்து நின்றது. ஓரத்தைப் பிடித்து உள்பக்கமாக இழுத்தார். கட்டத்துக்கு வெளியே போனதெல்லாம் இருட்டிக்கொண்டது. மச்சினன் இருட்டில் நின்று சிரித்தான். பட்டனை அழுத்தினார். ஆள் காலி.

மாஸ்டர் திரையை விரலால் தடவிப் பார்த்தார். சாக்பீஸ் கோடு இல்லை, கத்தரிச் சத்தம் இல்லை, தரையில் ஒரு துண்டுத் துணி விழவில்லை. ஓரத்தில் மருந்துக்குக்கூடப் பிசிறு இல்லை. அதைவிடப் பெரிய அதிசயம் மேலே இருந்தது. வளைந்த அம்புக்குறி ஒன்று. என்னவோ என்று அதைத் தட்டினார். மச்சினன் திரும்பி வந்துவிட்டான், அக்கா தோளில் போட்ட கையோடு, ஒட்டுப்போட்ட தடமே தெரியாமல்.

மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். வெட்டியது ஒட்டிக்கொள்கிறது. அவர் தொழிலில் ஒரு தப்பு வெட்டு விழுந்தால் விழுந்ததுதான். முழுக்கைச் சட்டை அரைக்கை ஆகும், அரைக்கை குழந்தைச் சட்டை ஆகும், அதுவும் சரியில்லை என்றால் மிஷின் துடைக்கிற துணியாகும். ஒரு வெட்டை நினைத்து எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறார். இங்கே ஒரு தட்டு, துணி பழையபடி முழுசு. இதைக் கண்டுபிடித்தவன் காலில் விழலாம் என்று தோன்றியது. கண்கூடக் கலங்கிவிட்டது. நம்பிக்கை வராமல் மறுபடி வெட்டினார், மறுபடி தட்டினார். மச்சினன் போனான், வந்தான். போனான், வந்தான். கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரேயடியாக வெட்டி, படத்தை இறக்கி வைத்தார்.

போன் அடித்தது. மனைவி.

"என்ன பண்றீங்க?"

"வெட்டிட்டு இருக்கேன்."

"துணியே வரலன்னு காலையில சொன்னீங்க. வெட்டிட்டு இருக்கீங்களா, வெட்டியா இருக்கீங்களா?"

"ரெண்டுக்கும் நடுவுல," என்றார் மாஸ்டர்.

சாயங்காலம் வீட்டில் படத்தைக் காட்டினார். மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி பார்த்தாள்.

"தம்பி எங்க?"

"ஃபிரேமுக்கு மூணு பேர் அடங்க மாட்டாங்களாம். ஸ்டுடியோவுல சொல்லிட்டாங்க. வேற வழியில்லாம வெட்ட வேண்டியதாப் போச்சு."

"பாவம், வேற வழியில்லாம." அவள் திரைக்கு அருகே குனிந்தாள். "என் தோள்ல என்ன அது?"

"எது?"

"நாலு விரல். ஒண்ணுல மோதிரம்."

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். மச்சினன் போய்விட்டான், விரல்கள் தங்கிவிட்டன.

"அது ஜாக்கெட் டிசைன்."

"ஜாக்கெட் நீங்க தைச்சது. மோதிரம் வெச்ச டிசைன் எப்ப போட்டீங்க?"

பழகிய கை காட்டிக்கொடுத்துவிட்டது. மாஸ்டர் பிறந்ததிலிருந்து எதையும் கோட்டின் மேல் வெட்டியது கிடையாது. தையலுக்கென்று அரை இஞ்ச் தள்ளித்தான் வெட்டுவார். அந்த அரை இஞ்சுக்குள் மச்சினன் விரலை வைத்துவிட்டான்.

"தையலுக்கு விட்டேன்," என்றார் மெதுவாக.

"போட்டோவுக்கா?"

"கை தானா விட்டுடுச்சு."

"உங்க கை விட்டுடுச்சு. பாருங்க, வெட்டினாலும் என் தம்பி என்னைக் கைவிடல."

இடி விழும் என்று மாஸ்டர் காத்திருந்தார். விழவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் தேனாக இருந்தது.

"பயப்படாதீங்க. எதுக்காக வெட்டினீங்க? வாயைத் திறந்து சொல்லுங்க."

மாஸ்டர் வாயைத் திறந்தார். "நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கற மாதிரி ஒரு படமும் இல்ல. நீ அப்படிச் சிரிச்சிருக்க. பக்கத்துல நான் மட்டும் இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

அவள் அப்போதுதான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "இதை இத்தனை வருஷம் மனசுக்குள்ள மடிச்சு வெச்சிருந்தீங்களா?" என்றாள். பிறகு, "எப்படி வெட்டறதுன்னு எனக்கும் காட்டுங்க. ஸ்டுடியோவுக்கு நானே கொண்டு போறேன்."

மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கட்டத்தைக் காட்டினார், இருட்டைக் காட்டினார், வளைந்த அம்புக்குறியைக் கோயில் கதவு திறப்பது போலக் காட்டினார். அவள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் வெட்டலாமா என்று மட்டும் கேட்டாள். தாராளமாக வெட்டலாம் என்று மாஸ்டரே வாயாரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவிலிருந்து இரண்டு பார்சல் வந்தது, ஒன்று சின்னது, ஒன்று பெரியது. பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்தவன் மச்சினன். தோளில் டிரில் மிஷின் வேறு.

"மாமா, எங்க ஓட்டை போடணும்?" என்றான் பல்லெல்லாம் தெரிய.

"இருடா. மாமா முதல்ல சின்னதைப் பிரிக்கட்டும்," என்றாள் மனைவி.

மாஸ்டர் பிரித்தார். உள்ளங்கை அளவு ஃபிரேம். அதில் அவரும் அவளும் மட்டும். விரலும் இல்லை, மோதிரமும் இல்லை. எப்படி என்று உற்றுப் பார்த்தார். தன் தோள்பட்டையின் ஓரத்தையே அவள் விரலோடு சேர்த்து வெட்டி எறிந்திருந்தாள். அந்தச் சிரிப்பு முழுசாக இருந்தது, பக்கத்தில் அவர் இருந்தார். அப்படி ஒரு வெட்டை மாஸ்டர் தன் கடையில் பார்த்ததில்லை. ஒரு நூல் கூடுதல் இல்லை, ஒரு நூல் குறைவில்லை. தொழிலில் தலைகுனிந்து பழக்கமில்லாத மனுஷன் சத்தமில்லாமல் தலைகுனிந்தார்.

"உன் தோளையே வெட்டிட்டியே," என்றார்.

"உங்களுக்காகத்தானே. அது கடைக்கு. மிஷினுக்கு மேல மாட்டிக்குங்க."

"கடைக்கா? அப்ப ஹாலுக்கு?"

மச்சினன் பெரிய பார்சலின் தாளைக் கிழித்தான். கதவு அகலத்துக்கு ஃபிரேம். நடுநாயகமாக அக்கா, பக்கத்தில் தம்பி, தோளில் கை, விரல் நாலும் மோதிரமும் பளபளவென்று. மாஸ்டர் தன்னைத் தேடினார். இடது ஓரத்தில், மேலிருந்து கீழாக, ஒரு மெல்லிய சட்டைத் துணி மட்டும் தெரிந்தது.

"நான் எங்க?"

"என்னங்க பண்றது, ஃபிரேமுக்கு மூணு பேர் அடங்க மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. ஆனா உங்களை முழுசா வெட்ட மனசு வரல. தையலுக்கு அரை இஞ்ச் விட்டிருக்கேன்."